மதுரையில் மின்வாகனம் வாங்கும் முன்: வீட்டு எர்த் முதல் கொடைக்கானல் மலைப்பாதை வரை

மின்வாகனம் வாங்க நினைப்பவர்களில் பலர் ஷோரூமுக்குப் போய் மாடலையும் நிறத்தையும் முடிவு செய்து முன்பணம் கட்டிவிட்டு, வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே சார்ஜ் போடுவது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வண்டி இரவில் நிற்கப்போகும் இடத்தையும், அங்கே வரும் மின்கம்பியையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தையும் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற வண்டியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நல்ல வண்டிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரிலும், மஹிந்திராவின் பி.இ. 6 அதே ஆண்டு நவம்பரிலும், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியிலும் அறிமுகமாயின. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலையையே திறந்துவிட்டது. ஆகவே இனி கேட்க வேண்டிய கேள்வி நம் வீட்டு மீட்டர் பெட்டியைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. பேட்டரியின் அளவாகக் குறிக்கப்படும் கிலோவாட்-மணி என்பது மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் யூனிட்தான். 3 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட ஸ்கூட்டர் நகர ஓட்டத்தில் 90 கிலோமீட்டரை ஒட்டி ஓடும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 30 கிலோமீட்டர் போகிறவருக்கு ஒரு யூனிட் போதும்; சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 65 முதல் 70 யூனிட் ஆகும். நடுத்தர அளவுள்ள கார் ஒரு கிலோமீட்டருக்கு 130 வாட்-மணி அளவில் எடுக்கும். திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு மற்ற வேலைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஆகும்போது வீணாவதோடு ஏறத்தாழ 6 யூனிட் செலவாகும். இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

மீட்டர் பெட்டியிலிருந்து பிளக் பாயிண்ட் வரை

வீட்டில் கார் சார்ஜ் செய்ய இரண்டு வழிகள் உண்டு. வண்டியோடு வரும் கையடக்கச் சார்ஜரைச் சாதாரண 15 ஆம்பியர் மூன்று முனை பிளக்கில் செருகினால் 3 கிலோவாட்டை ஒட்டிய வேகத்தில் ஏறும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஏற்றும். ஆனால் அது 32 ஆம்பியர் இழுக்கும் என்பதால் பெரும்பாலான வீடுகளில் மும்முனை (த்ரீ-பேஸ்) இணைப்பும், கூடுதல் மின்பளுவுக்கான அனுமதியும் தேவைப்படும். சார்ஜரை விலையில்லாமல் தருகிறோம் என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்தச் செலவுகள் பேச்சில் வருவதில்லை. நாளைக்கு 6 யூனிட் செலவழிக்கிற வண்டிக்கு 3 கிலோவாட் வேகத்தில் இரண்டு மணி நேரம் போதும். வண்டியோ இரவில் எட்டு ஒன்பது மணி நேரம் சும்மாதான் நிற்கிறது. எனவே நாள்தோறும் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், அல்லது இரண்டு மின்கார்கள் வைத்திருப்பவர் தவிர மற்றவர்களுக்கு 15 ஆம்பியர் பிளக்கே போதுமானது என்பது என் கருத்து. ஸ்கூட்டர் சார்ஜர்கள் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும் என்பதால் அவற்றுக்கு மின்பளுவைப் பற்றிய கவலையே இல்லை.

ஆனால் அந்த 15 ஆம்பியர் பிளக் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும்; கார் சார்ஜரோ இரண்டு ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். அடுக்களைக்கோ மோட்டாருக்கோ போகும் வயரிலிருந்து கிளை எடுத்துக் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தால், சுவருக்குள் இருக்கும் ஏதோ ஓர் இணைப்பு சூடேறி, ஒருநாள் கருகும். மீட்டர் பெட்டியிலிருந்தே நேராகத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 15 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாகத் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சும் தேவை, 7.2 கிலோவாட் சார்ஜருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகமானால் 10 சதுர மில்லிமீட்டர் வயரும், 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும். இரண்டுக்குமே 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். சாக்கெட்டைத் தரமானதாக வாங்குங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, அதன் பித்தளை முனைகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. விரலை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, அந்த சாக்கெட்டை அன்றே மாற்றிவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துக் கார் சார்ஜ் செய்வதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

அடுத்தது எர்த். வீட்டில் விளக்கும் மின்விசிறியும் எர்த் இல்லாமலே ஓடிக்கொண்டிருப்பதால் அதன் குறை யாருக்கும் தெரிவதில்லை. மின்வாகனச் சார்ஜரோ எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். யானைமலையைச் சுற்றிய ஒத்தக்கடைப் பக்கமும் திருப்பரங்குன்றத்தின் அடிவாரப் பகுதிகளும் பாறைப்பாங்கானவை. அங்கே வீடு கட்டியபோது போட்ட எர்த் குழியில் ஆண்டுகள் கழிந்த பிறகு ஈரமும் இருக்காது, உப்பும் கரியும் இருக்காது. வயர்மேனிடம் எர்த் மீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதற்கு மேல் காட்டினால் புதுக் குழி தோண்டிக் குழாய் இறக்குவதே முறை. கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சார்ஜர் எர்த் பிழை காட்டும்போது, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, "இப்ப ஓடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் சிலரிடம் உண்டு. சார்ஜர் ஏமாந்து ஓடவும் செய்யும். ஆனால் தெருக்கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் அறுந்துபோகும் அன்றைக்கு, அந்தத் துண்டு வயர் வழியாக வண்டியின் உடலெங்கும் 230 வோல்ட் ஏறி நிற்கும். சாக்கெட்டின் மூடியைத் திருப்புளியால் கழற்றி, அப்படி எதுவும் இல்லை என்பதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு.

வண்டி சார்ஜ் ஆகும் லைனை இன்வெர்ட்டரோடு சேர்க்கக்கூடாது என்பதையும் வயர்மேனிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கரண்ட் போனால் சார்ஜிங் நிற்கட்டும். வந்ததும் தானாகத் தொடரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளின் பட்டியல் முந்தைய நாள் நாளிதழ்களில் வருகிறது. அதில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், மின்தடை உங்களைத் தடுக்காது.

500 யூனிட் என்னும் எல்லை

வீட்டில் சொந்த வாகனத்தைச் சார்ஜ் செய்வதற்கு வீட்டு மின்கட்டணமே பொருந்தும். தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டண முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு என்று கட்டணம் மெதுவாக ஏறும். 500-ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் அல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கணக்கு மாறுகிறது: அந்த இரண்டாவது நூறின் சலுகை போய்விடும், 501-இலிருந்து யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேலும், 600-க்கு மேல் 9 ரூபாய்க்கு மேலும், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேலும் கட்ட வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழித்து 700 ரூபாயை ஒட்டிக் கட்டிவந்த ஒரு குடும்பம், நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மின்கார் வாங்கினால் பயன்பாடு 660 யூனிட் ஆகும். கட்டணம் 3,500 ரூபாயை ஒட்டி வரும். அட்டையைப் பார்த்ததும் திகைப்பு வரலாம். ஆனால் அந்தக் கூடுதல் 2,800 ரூபாயில் வண்டி 2,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 160 லிட்டர், அதாவது 16,000 ரூபாய் குடித்திருக்கும். ஏற்கெனவே ஏ.சி. ஓடி 450 யூனிட் வரும் வீட்டில் ஸ்கூட்டர் வாங்குகிறவர்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர்: வெறும் 65 யூனிட் அவரை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

மாடியில் இடம் இருந்தால் இதற்கு மருந்து சூரிய மின்தகடுகள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மதுரை வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 12 யூனிட், அதாவது காருக்கு வேண்டியதில் இரண்டு மடங்கு. நெட் மீட்டர் இருந்தால் பகலில் தந்ததை இரவில் வாங்கிக்கொண்டதாகக் கணக்கு நேராகிவிடும்.

மாசி வீதியிலும் அடுக்குமாடியிலும்

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பகுதிகளில் பல வீடுகளுக்கு வாசலே நிறுத்துமிடம். சன்னல் வழியாகத் தெருவுக்கு வயர் நீட்டுவது நடக்கிறவர்களுக்கும் ஆபத்து, மழைக்கும் ஆகாது. அங்கே இருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் செய்யும் வகை ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதைத் தூக்கி இரண்டு மாடி ஏற முடியுமா என்று ஷோரூமிலேயே தூக்கிப் பார்த்துவிட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்திச் சார்ஜ் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தீப்பிடித்தால் வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழி அதுவாகத்தான் இருக்கும். பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதற்குப் பின் தயாரானதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்கள் மீட்டரிலிருந்து தங்கள் நிறுத்துமிடத்துக்குத் தனி லைன் இழுப்பதே சச்சரவு இல்லாத வழி. பொது மீட்டரில் சேர்த்துவிட்டுப் பிறகு பங்கு பிரிப்பது நட்பைக் கெடுக்கும். அதற்கு வழியில்லை என்றால், 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி மின்வாகனச் சார்ஜிங்குக்கெனத் தனி இணைப்பு கேட்க முடியும். புதிய இணைப்பு தருவதற்கான கால வரம்பும் நகராட்சிப் பகுதிகளில் 7 நாளாகவும் கிராமங்களில் 15 நாளாகவும் அதில் குறைக்கப்பட்டது. தனி இணைப்பு வாங்கும்போது எந்தக் கட்டண வகையில் தருகிறார்கள் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி ஒரு சொல். நண்பகலில் ஓடி வந்த வண்டியை உடனே செருகாமல் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே ஏ.சி. போடும்; வோல்டேஜ் இறங்கும். இரவு பதினொன்றுக்கு மேல் தொடங்குமாறு சார்ஜரிலோ வண்டியின் செயலியிலோ நேரம் குறித்துவிட்டால் பேட்டரிக்கும் நல்லது, டிரான்ஸ்பார்மருக்கும் நல்லது. எல்.எஃப்.பி. (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) வகை பேட்டரியானால் அவ்வப்போது முழுவதும் ஏற்றுவது அவசியம். அப்போதுதான் திரையில் காட்டும் சதவீதம் சரியாக இருக்கும். என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகையானால் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வண்டியில் எது என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

நான்குவழிச் சாலையில்

பொதுச் சார்ஜிங் வெளியூருக்குத்தான். கார்களுக்கு இப்போது சி.சி.எஸ். 2 என்னும் ஒரே வகை வேகச் சார்ஜிங் முனை நிலைத்துவிட்டது. ஸ்கூட்டர்களுக்கு அந்த முனை பொருந்தாது. ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் உருவாக்கிய இலகுரக வாகன முனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றுக்கொண்டபோதிலும், எல்லா நிறுவனங்களும் அதற்கு வந்துவிடவில்லை. ஆகவே ஸ்கூட்டரில் திண்டுக்கல்லுக்குப் போகிறவர் தம் வண்டி எந்த முனையை ஏற்கும் என்று பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும், அல்லது கையடக்கச் சார்ஜரை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரைக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. பாரத் பெட்ரோலியம் தன் முதல் வேகச் சார்ஜிங் வழித்தடத்தை 2022 மார்ச்சில் தொடங்கியது சென்னை–திருச்சி–மதுரைச் சாலையில்தான். அதன் பிறகு கோவையைச் சேர்ந்த ஸீயான், டாட்டா பவர் போன்ற நிறுவனங்களும் தென்மாவட்டச் சாலைகளில் நிலையங்கள் அமைத்திருக்கின்றன. மின்துறை அமைச்சகத்தின் 2024 வழிகாட்டு நெறிகள் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

சென்னைக்குப் போகும் 460 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். 45 யூனிட் பேட்டரி உள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி எடுத்தால், நூறிலிருந்து இருபது சதவீதம் வரை 240 கிலோமீட்டர் போகலாம். எனவே முதல் நிறுத்தத்தைப் பெரம்பலூரை ஒட்டி, 200 கிலோமீட்டரில் வையுங்கள். அந்த இடத்தில் சார்ஜர் ஓடாவிட்டாலும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் அடுத்ததைத் தேடக் கையில் இருப்பு இருக்க வேண்டும். இதுதான் திட்டத்தின் உயிர். 80 சதவீதம் வரை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மேல் எந்தக் காரும் மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபது சதவீதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் திண்டிவனத்தில் இரண்டாவது குறுநிறுத்தம் போட்டுவிடலாம். பலகையில் 120 கிலோவாட் என்றிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்: உங்கள் கார் 50 கிலோவாட்தான் வாங்கும் என்றால் 50-தான் வரும், ஒரே இயந்திரத்தில் இரண்டு கார்கள் செருகியிருந்தால் பங்கும் பிரியும்.

புறப்படுவதற்கு முந்தைய இரவே செயலிகளை இறக்கிப் பதிவு செய்து, அவற்றில் பணம் போட்டு வைத்துவிடுங்கள். நிலையம் 'தயார்' என்று செயலி சொல்வதைவிட, கடைசியாக எப்போது ஒருவர் அங்கே சார்ஜ் செய்தார் என்ற குறிப்பே நம்பத்தக்கது. அங்கே யூனிட் விலையே கூடுதல்; 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்போது வீட்டில் ஆவதைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும். ராமேஸ்வரம் போகிறவர்கள் திரும்பி வர 340 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட வேண்டும். பாம்பனை நெருங்கும்போது கடற்காற்று எதிர்த்து வீசினால் செலவு கூடும். அறை பதிவு செய்யும்போதே லாட்ஜில் 15 ஆம்பியர் பிளக் கார் நிற்கும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் இரவில் 24 யூனிட் ஏறிவிடும்.

மலை ஏறும்போது

கொடைக்கானலுக்கு 120 கிலோமீட்டர்தான் என்று எண்ணிப் பாதி சார்ஜில் கிளம்பக்கூடாது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள உயர வேறுபாடு 2,000 மீட்டர். காரும் நான்கு பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்து 1,800 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறத்தாழ 10 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் 11 ஆகும். தூரத்துக்கான 15, 16 யூனிட்டோடு இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருவர் ஏறிய ஸ்கூட்டருக்கோ உயரத்துக்கு மட்டும் ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் போய்விடும். 3 யூனிட் பேட்டரியில் அது கிட்டத்தட்ட பாதி. எனவே வத்தலக்குண்டில் குறைந்தது அறுபது சதவீதம் இருக்கிறதா என்று கார்க்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டர்காரர்கள் அங்கேயே முழுவதும் ஏற்றிக்கொள்ளாமல், மலைப்பாதை பிரியும் காட்ரோட்டைத் தாண்ட வேண்டாம்.

இறங்கும்போது கணக்கு தலைகீழாகும். மோட்டாரே பிரேக்காக வேலை செய்து, செலவழித்ததில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. மோட்டார் பிரேக் தளர்ந்து, வண்டியின் முழுப் பாரமும் சாதாரண பிரேக் மீது விழும். ஆகவே கொடைக்கானல் விடுதியில் இலவசமாகவே சார்ஜ் கிடைத்தாலும் நூறு சதவீதம் ஏற்றாதீர்கள். 70 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள். பெருமாள்மலையிலிருந்து மீள்பிரேக் அமைப்பை உச்ச அளவில் வைத்து இறங்கினால், மலையடிவாரத்தில் திரை காட்டும் எண் கிளம்பியபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கும், மதுரைக்கு வந்து சேர வேறு எங்கும் நிறுத்த வேண்டியிருக்காது.